குளத்து வானில் மரம் அடைத்தால்: வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்குமுன் வந்த கடிதங்களில், வெள்ளத்தோடு மிதந்துவந்து வானை, அதாவது குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் இடத்தை, அடைக்கும் மரங்களைப் பற்றியவை இம்முறை அதிகம். எல்லாம் திருகோணமலை மாவட்டத்துக் கடிதங்கள் என்பதால் ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம். வானைத் துப்புரவாக்கும் பொறுப்பு யாருடையது என்றும் இருவர் கேட்டிருந்தார்கள். 200 ஏக்கர் வரை வயல் பாயும் சிறு குளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும். அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு.

எங்கள் குளத்து வான் 60 மீற்றர் நீளம். சென்ற மாரியில் மூன்றில் ஒரு பங்கு மரமும் குப்பையுமாக அடைத்துக் கிடந்தது. "மிச்சம் இரண்டு பங்கு திறந்துதானே கிடக்கு, தண்ணி அதால போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். சரியா?
– கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவர், தம்பலகாமம்

போகும். ஆனால் அதே அளவு தண்ணீர் குறுகிய வழியால் போக வேண்டுமானால் குளத்து நீர்மட்டம் உயர்ந்தாக வேண்டும். எவ்வளவு உயரும் என்பதைக் கொப்பியும் பேனையும் எடுத்து நீங்களே கணக்கிடலாம்.

வானின் நீளத்தை மீற்றரில் எடுங்கள். வான் உச்சிக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தால் அதைப் பெருக்குங்கள். அந்த உயரத்தின் வர்க்கமூலத்தால் மறுபடி பெருக்கி, கடைசியாக 1.7 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் பாய்கிறது என்பது வரும். தட்டையான, அகன்ற உச்சியுள்ள வானுக்குத்தான் 1.7. வளைவாகக் கட்டிய கொங்கிறீற் வானுக்கு 2.1 அளவில் எடுக்க வேண்டும். நீரின் உயரத்தை வான் உச்சியிலேயே அளந்துவிடாதீர்கள். அங்கே நீர் தாழ்ந்து வளைகிறது. சில மீற்றர் உள்ளே, மட்டமாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

உங்கள் வான் முழுதும் திறந்திருந்து மேலே 1 மீற்றர் நீர் நின்றால் 102 கனமீற்றர் பாயும். பழைய கணக்கில் ஏறத்தாழ 3,600 கனஅடி. 20 மீற்றர் அடைபட்டு 40 மீற்றர் மிச்சமானால், அதே 102 கனமீற்றரைக் கழிக்க 1.31 மீற்றர் நீர் நிற்க வேண்டும். ஒரு அடி கூட. பாதி வான் அடைபட்டால் 1.59 மீற்றர், அதாவது இரண்டடி கூட. பத்தில் ஒரு பங்கு அடைபட்டால் உயர்வு 7 சென்ரிமீற்றர்தான். அதனால்தான் கொஞ்சக் குப்பையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு அடைபட்டாலோ நீரின் உயரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். முதல் பங்கு அடைபட்டபோது ஒன்றும் நடக்கவில்லை என்பது அடுத்த பங்குக்கு உத்தரவாதமாகாது.

இனி வேகம். குளத்தின் பரப்பு 500 ஏக்கர் என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு வான் திடீரென்று அடைபட்டால், செக்கனுக்கு 34 கனமீற்றர் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும். முதல் மணித்தியாலத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் ஏறும். ஏற ஏற மிச்ச வழியால் கூடுதலாகப் பாய்வதால் உயர்வு மெதுவாகும். குளம் 100 ஏக்கர் என்றால் அதே நீர் ஐந்து மடங்கு வேகத்தில் ஏற்றத் தொடங்கும். ஆள் கூட்டி, பெக்கோ இயந்திரத்துக்குச் சொல்லி, அது வந்து சேரச் சின்னக் குளம் நேரம் தராது.

ஒரு அடி உயர்வு ஆபத்தா இல்லையா என்பதைக் குளக்கட்டின் மிகத் தாழ்ந்த இடம்தான் தீர்மானிக்கும். வரைபடத்தில் கட்டின் தலை எங்கும் ஒரே மட்டம். நேரில் போய்ப் பாருங்கள்: மாடு ஏறி இறங்கும் இடம் ஒன்றரை அடி தேய்ந்திருக்கும், உழவு இயந்திரம் கடக்கும் இடத்தில் இரண்டு சில்லுத் தடமும் பள்ளமாகியிருக்கும். வெள்ளம் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். மண்கட்டின் மேலால் ஒரு சாண் நீர் பாய்ந்தாலும் வெளிச்சரிவு அரிபடத் தொடங்கும். பிறகு மண்மூட்டையால் மறிப்பது மிகக் கடினம். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது வான் அடைத்ததால் அல்ல. ஆனால் மண்கட்டு உடைந்தால் நீர் எவ்வளவு விரைவில் ஊருக்குள் வரும் என்பதை இந்த மாவட்டம் அன்று கண்டது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரம் வானின் நடுவில் குவிந்தால் நீர் இரு ஓரங்களுக்கும் ஒதுங்கி விரையும். அங்கேதான் கொங்கிறீற் பக்கச்சுவரும் மண்கட்டும் சந்திக்கின்றன. நீர்மட்டம் எல்லைக்குள் இருந்தாலும் அந்த மூலை அரிபடலாம். அடைப்பைப் பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மரம் மிதக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. அப்படியிருக்க அது ஏன் வானில் வழுக்கிக் கீழே போகாமல் நின்றுவிடுகிறது?
– பாடசாலை மாணவி ஒருவர், கிண்ணியா

நல்ல கேள்வி, தங்கச்சி. மரம் நீரின் மேலே மிதப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் பெரும்பகுதி நீருக்குள்ளேதான் இருக்கும். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பச்சை மரம் 30 சென்ரிமீற்றர் அளவுக்கு அமிழ்ந்தே மிதக்கும். வேரோடு வந்தால் வேர்க்கட்டை இன்னும் ஆழத்தில் தொங்கும். வான் உச்சிக்கு மேலே ஒரு அடி நீர்தான் பாய்கிறது என்றால் அந்த மரம் உச்சியில் தட்டி உட்கார்ந்துவிடும். அடைப்புகள் பல வெள்ளத்தின் உச்சத்தில் அல்லாமல், வான் பாயத் தொடங்கும் முதற் கட்டத்திலேயே ஆரம்பிப்பது இதனால்தான். பிறகு நீர் ஏறும்போது மரம் எழும்பிப் போகலாமே என்று கேட்பீர்கள். தனி மரமானால் போகலாம். அதற்குள் வேறு கொப்புகள் வந்து அதைப் பின்னிப் பிடித்திருக்கும்.

தூண்கள் இருந்தால் இன்னொரு வழியிலும் சிக்கும். நீரோட்டத்துக்குக் குறுக்காகத் திரும்பிய மரம் இரண்டு தூண்களிலும் சாய்ந்து நிற்கும். இந்த முதல் நெடுமரம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். அதன்மேல் கொப்பும் கிளையும் வந்து படியும். கொப்புகளின் இடைவெளிகளில் மூங்கில், தென்னோலை, வைக்கோல், பொலித்தீன் செருகிக்கொள்ளும். கடைசியில் சல்வீனியா, ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களைகள் பாய் போல வந்து மூடும். மரம் மட்டும் நின்றால் இடுக்குகளால் நிறைய நீர் போகும். சல்வீனியாவும் ஆற்றுவாழையும் சேர்ந்தபின் அது மதில்தான். முதல் நெடுமரம் இல்லையென்றால் மற்றவை பெரும்பாலும் தாண்டிப் போய்விடும்.

எல்லா மரமும் மிதக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலை, கருங்காலி போன்ற வைரமரங்கள் பச்சையாக நீரில் விழுந்தால் மூழ்கும். அவை வானுக்கு வருவதை விட அடியால் உருண்டு, வயலுக்கு நீர் விடும் மதகான துருசின் வாயில் போய்ச் செருகுவதுதான் தொல்லை.

எங்கள் வானில் 3 மீற்றருக்கு ஒரு தூண், மேலே நடைபாலம். ஒவ்வொரு மாரியும் அடைக்கிறது. கட்டுமானத்தில் என்ன மாற்றம் கேட்கலாம்?
– ஒரு வாசகர், சேருவில

முதலில் அளவு. நோர்வேயில் 1990களில் செய்த மாதிரிச் சோதனைகளிலிருந்து உலகெங்கும் எடுத்தாளப்படும் ஒரு விதி உண்டு: இரண்டு தூண்களுக்கு இடையிலுள்ள அகலம், வரக்கூடிய மரத்தின் நீளத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும்; மேலே பாலம் இருந்தால் அதன் அடிப்பக்கம் வான் உச்சியிலிருந்து மரநீளத்தில் 15 சதவீதமாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஆற்றங்கரை மருது 15 மீற்றர் நீளத்தில் வருகிறது என்று கொண்டால், தூண் இடைவெளி 12 மீற்றரும் பாலத்தின் உயரம் 2.25 மீற்றரும் வேண்டும். உங்களுடைய 3 மீற்றர் இடைவெளியில் தடையின்றிப் போகக்கூடியது 3.75 மீற்றருக்கு உட்பட்ட கட்டைதான். அதைவிட நீண்டது ஒவ்வொன்றும் சூதாட்டம்.

பெரிய அணைகளுக்கும் இது நடந்திருக்கிறது. சுவிற்சர்லாந்தின் தெற்கே மெலெற்சா ஆற்றில் பலாஞேத்ரா என்றொரு கொங்கிறீற் அணை. அதன் வானில் தூண்களும் மேலே ஒரு பாலமும் இருந்தன. 1978 ஆகஸ்ட் 7 அன்று வந்த வெள்ளம் ஏறத்தாழ 25,000 கனமீற்றர் மரத்தைக் கொண்டுவந்து வானில் அடைத்தது. நீர் அணையின் மேலால் வழிந்தது. கொங்கிறீற் தாங்கியது, கரையோர மண் அரிபட்டுப் போனது. திருத்தும்போது அந்தத் தூண்களையும் பாலத்தையும் அகற்றி, வானை இடையூறில்லாத ஒரே அகலமாக்கினார்கள். நம்முடைய அணைகள் பெரும்பாலும் மண்கட்டு என்பதை மனத்தில் வைத்து இதை வாசியுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது முதலாவதாக நடைபாலத்தை வானின் மேலிருந்து அகற்றுவது. ஆட்கள் கடக்க வேண்டுமானால் வானுக்குக் கீழே தனிப் பாதை அமைக்கலாம். பாலம் கட்டாயம் வேண்டுமென்றால், ஒன்றுவிட்டு ஒரு தூணையாவது எடுத்து நீண்ட உருக்கு உத்தரத்தில் பாலத்தை ஏற்றி உயர்த்தும்படி பொறியியலாளரிடம் கேளுங்கள். அதற்குப் பணம் வரும்வரை ஒரு வேலை உடனே செய்யலாம்: கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகைக்கு மாற்றி, ஒக்டோபரில் கழற்றி வையுங்கள். மட்டம் பாலத்தைத் தொடும்போது கொப்புகள் முதலில் கோர்ப்பது அந்தக் கம்பிகளில்தான்.

வானுக்கு முன்னால் தூண் நட்டு மரத்தை அங்கேயே மறிப்பது நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். மறிப்பு வானுக்கு நெருக்கமாக இருந்தால் அடைப்பு இடம் மாறுமே தவிரக் குறையாது. போதிய தூரத்தில், வானை விட நீண்ட வரிசையாக, கரையிலிருந்து இயந்திரம் எட்டும் இடத்தில் இருந்தால் உதவும். அந்த இடத்தைப் பொறியியலாளர்தான் குறிக்க வேண்டும்.

வான் பாயும்போது மீன் போய்விடாமல் வலை கட்டுகிறோம். அதைக் கழற்றச் சொல்கிறார்கள். எங்கள் பிழைப்பு என்னாவது?
– நன்னீர் மீனவர் ஒருவர், முதலிக்குளம்

குஞ்சு விட்டு வளர்த்த மீன் ஒரே இரவில் வாய்க்காலால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. ஆனால் வான் உச்சியில் கட்டிய வலை, நாம் மேலே சொன்ன முதல் நெடுமரத்தின் வேலையைத் தானே செய்துவிடுகிறது. மரமே தேவையில்லை, வைக்கோலும் இலையும் போதும். இரண்டு விரல் கண்ணுள்ள வலை ஒரு மணித்தியாலத்தில் சாக்காகிவிடும்.

வலையை உச்சியிலிருந்து எடுத்து, 30 – 40 மீற்றர் உள்ளே, நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் நீண்ட வளைவாகக் கட்டுங்கள். வலை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதனூடாகப் போகும் நீரின் விரைவு குறையும், குப்பை ஒட்டுவதும் குறையும். மேல்விளிம்பு மிதவையில் இருக்கட்டும். ஒரு முனையை மட்டும் இழுத்து அவிழ்க்கக்கூடிய முடிச்சில் கட்டி, அந்தக் கயிற்றின் நுனியைக் கரை மரத்தில் வையுங்கள். வலை வயிறு தள்ளத் தொடங்கினால் முனையை அவிழ்த்துவிட வேண்டும். நீரில் இறங்கி அறுக்கப் போகக் கூடாது. வான் உச்சிக்கு மேல் ஒரு அடி நீர் வந்தால் வலை அவிழும் என்று கமக்காரர் அமைப்போடு முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள். பிரச்சினை வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில் யார் முடிவெடுப்பது என்பதில்தான்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் மிச்சம் பிடிக்க வான் மேல் மண்மூட்டை அடுக்குகிறோம். பெரிய வெள்ளம் வந்தால் அவை தானாகப் போய்விடுமே?
– ஒரு வாசகர், குச்சவெளி

போகாது. நனைந்த மண்மூட்டை மரம் தட்டி உட்கார நல்ல மேடை. இரண்டு அடுக்கு மூட்டை ஒரு அடி உயரம். அந்த ஒரு அடியை வெள்ளத்துக்கென விட்ட இடைவெளியிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். கூடுதல் நீர் வேண்டுமானால் பொறியியலாளரின் ஒப்புதலோடு வானை உயர்த்தி, குளக்கட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது.

வான்கதவுகள் உள்ள குளங்களில் மரம் வரும்போது எல்லாக் கதவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது நல்லதா, ஒன்றை முழுதாகத் திறப்பது நல்லதா?
– ஒரு வாசகர், கந்தளாய்

மரம் வருகிறதென்றால் ஒன்றிரண்டை முழுதாக. காரணம் இது: ஒரு அடி மட்டும் உயர்த்திய கதவின் அடியால் நீர் உறிஞ்சப்பட்டு ஓடும். மேலே மிதக்கும் கட்டை அந்த இழுப்பில் தலைகீழாக மூழ்கிக் கதவின் கீழ்விளிம்புக்கும் உச்சிக்கும் நடுவே செருகும். அதன்பின் கதவை உயர்த்த முயன்றால் ஒரு பக்கம் இழுபட்டு வடமோ சங்கிலியோ அறும். இறக்கவும் முடியாது. வெள்ளம் வடிந்தபின் போகத்துக்கான நீரெல்லாம் அந்த இடுக்கால் வீணாகும்.

முழுதாகத் திறப்பது என்றால், கதவின் கீழ்விளிம்பு பாயும் நீரின் மேற்பரப்பைத் தாண்டி, கொப்பு தட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கதவு பாதித் திறப்புக்குச் சமம். நடுக்கதவிலிருந்து தொடங்கினால் கீழுள்ள நீர்த்தணிப்புத் தொட்டியில் ஓட்டம் ஒருபக்கம் சாயாது. ஆனால் ஒரு கதவை முழுதாகத் திறப்பது கீழே சடுதியான வெள்ளம். அதனால் எச்சரிக்கை ஒலி கொடுத்து, கீழே ஆற்றில் குளிப்பவர், மாடு மேய்ப்பவர், மணல் அள்ளுபவர் ஏறுவதற்கு நேரம் விட்டு, படிப்படியாக அந்த உயரத்துக்குப் போக வேண்டும். அவரவர் குளத்துக்கென எழுதிய இயக்க ஒழுங்கை மீறி இதைச் செய்யக் கூடாது. மரம் வரும் நாளுக்கான ஒழுங்கு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

பிளாஸ்ரிக் பீப்பாய்களைக் கோர்த்து வானுக்கு முன்னால் மிதவைத் தடுப்பு ஒன்று கட்ட இளைஞர்கள் தயார். எப்படிக் கட்டுவது?
– ஒரு சங்கத்தினர், மூதூர்

குப்பையையும் ஆற்றுவாழையையும் சிறு கட்டைகளையும் தடுக்க இது நல்ல ஏற்பாடு. நெடுமரங்கள் கூட்டமாக வரும் வெள்ளத்துக்கு ஊர்க்கைவேலை போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இடம்தான் பாதி வேலை. நீர் செக்கனுக்கு 1 மீற்றர் விரைவை நெருங்கும் இடத்தில் கட்டினால் கட்டைகள் தடுப்புக்கு அடியால் புகுந்து போய்விடும். அரை மீற்றருக்கு உட்பட்ட இடத்தைத் தேடுங்கள்: ஒரு தேங்காயை எறிந்து 10 மீற்றர் கடக்க எத்தனை செக்கன் என்று பாருங்கள், 20 செக்கனுக்குக் குறைந்தால் இன்னும் உள்ளே போங்கள். நேர்குறுக்காகக் கட்டாமல் சரிவாகக் கட்டினால் வந்த பொருள் தடுப்போடு வழுக்கிக் கரை ஓரத்தில் சேரும். அந்தக் கரையில் உழவு இயந்திரமோ பெக்கோவோ வந்து நிற்கத் திடமான நிலம் இருக்க வேண்டும். சேர்ந்ததை எடுக்க வழியில்லாத தடுப்பு ஒரு நாள் அறுந்து எல்லாவற்றையும் ஒரே கட்டாக வானுக்கு அனுப்பிவிடும்.

அடுத்தது வடம். இளைஞர்கள் விறைப்பாகக் கட்டத்தான் விரும்புவார்கள், அதுதான் தவறு. 40 மீற்றர் தடுப்பின்மேல் அரை மீற்றர் ஆழத்துக்குக் குப்பை சேர்ந்து நீர் 1 மீற்றர் விரைவில் தள்ளினால் மொத்தத் தள்ளல் ஒரு தொன் அளவு. வடம் நடுவில் 4 மீற்றர் வளையும்படி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு கரையிலும் இழுவிசை ஏறத்தாழ 1.35 தொன். 1 மீற்றர் மட்டும் வளையும்படி விறைப்பாகக் கட்டினால் அதே தள்ளல் 5 தொன்னாகி முளையைப் பிடுங்கும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வளைவு விடுங்கள். நைலோன் கயிறு வேண்டாம். 16 மில்லிமீற்றர் உருக்கு வடம் எடுங்கள். ஒவ்வொரு முனையிலும் வடப்பிடி மூன்றாவது வேண்டும், அவற்றின் சேணப்பக்கம் (U கம்பி இல்லாத பக்கம்) இழுபடும் வடத்தில் இருக்கட்டும்.

பீப்பாய் 200 லீற்றர், இரண்டு மீற்றருக்கு ஒன்று. மூடியை இறுக்கிச் சுற்றிலும் சிலிக்கன் பூசுங்கள். வடம் பீப்பாய்க்கு மேலால் போகாமல் நடுவால் போகும்படி இரும்புப் பட்டி போடாவிட்டால் பீப்பாய் உருண்டு குப்பை மேலேறித் தாண்டும். கீழே அரை மீற்றர் ஆழத்துக்கு இரும்பு வலைத்தட்டி தொங்கட்டும். கரை முளையை நீர்மட்டம் ஏறி இறங்க இடம் விட்டு அமைக்க வேண்டும். நிமிர்த்திய குழாயில் ஓடும் வளையம் போதும். இதை மறந்து கட்டிய தடுப்பு, குளம் நிரம்பும்போது கரைகளில் நீருக்குள் அமிழ்ந்து ஓரங்களைத் திறந்துவிடும்.

அணைக்கட்டில் மரத்தைப் பிடித்து வைப்பது கீழ்ப்பகுதிக்கும் நன்மை. 2017 ஜூலையில் ஜப்பானின் கியூஷுத் தீவில் வந்த வெள்ளத்தில் தெராவுச்சி அணை பெருந்தொகை மரத்தைத் தன் நீர்த்தேக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. பிடிக்காவிட்டால் அவை கீழுள்ள பாலங்களுக்குப் போயிருக்கும்.

நள்ளிரவில் வான் அடைத்துக்கொண்டது. பெக்கோ வர நான்கு மணித்தியாலம் ஆகும். அதுவரை ஆட்களால் என்ன செய்யலாம்?
– வட்டைவிதானையார் ஒருவர், ஈச்சிலம்பற்று

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறோம், உயிர் போவது அங்கேதான். அடைந்த மரக்குவியலின் மேல் யாரும் ஏறக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி இறங்குவதும் வேண்டாம்; ஓட்டம் ஆளை மரத்தோடு சேர்த்து அழுத்தினால் மேலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் எடுக்க முடியாது. கணக்கைப் பாருங்கள்: 10 மீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு மரம் ஒரு தொன்னுக்கு மேல் எடை. 1.5 மீற்றர் விரைவில் குறுக்காக வரும் நீர் அதன்மேல் 450 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. அந்த மரம் தளர்ந்து நகரும் கணத்தில் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. வானுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மரம் அரிவதும் அப்படியே. குவியலில் பாம்புகள் ஏறி ஒதுங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆட்களால் செய்யக்கூடியது: இரண்டு பேரை நீர்மட்டக் கோலில் நிறுத்தி 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். மணிக்கு எத்தனை சென்ரிமீற்றர், கட்டின் தாழ்ந்த இடத்துக்கு இன்னும் எத்தனை சென்ரிமீற்றர் என்ற இரண்டு எண்களோடு நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. "தண்ணி கூட ஏறுது" என்பதை விட இந்த இரண்டு எண்கள் ஆளை வேகமாக எழுப்பும். மீதிப் பேர் கட்டின் தாழ்ந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கட்டும். செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி, வாய் உள்ளே மடித்து, ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து. மண்மூட்டைக்குரிய இடம் அதுதான், வானல்ல. துருசு திறந்தால் கொஞ்சம் நீர் இறங்கும்; வயலுக்கும் வாய்க்காலுக்கும் தாங்குமா என்று பார்த்து உத்தியோகத்தர் சொன்னபின் திறக்கலாம்.

நீண்ட கொக்கத்தடியால், 4 – 5 மீற்றராவது, கரையில் நின்றபடி ஓரத்துக் கொப்புகளையும் ஆற்றுவாழையையும் ஒன்றொன்றாகத் தள்ளிவிடலாம். ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் போக வேண்டும். ஆற்றுவாழைப் பாயைக் கிழித்துவிட்டாலே இடுக்குகளால் நீர் ஓடத் தொடங்கி உயர்வு தணியும்.

பெக்கோ வந்ததும் ஓட்டுநர் நேராகப் பெரிய மரத்தைப் பிடிக்கத்தான் பார்ப்பார். விடாதீர்கள். அந்த மரம் விலகினால் குவியல் முழுவதும் ஒரே மூச்சில் கீழே போகும். அடுத்த பாலத்திலும் மதகிலும் அதே அடைப்பு, நடுவில் திடீர் வெள்ளம். மேலேயுள்ள சிறியவற்றை முதலில் எடுத்துக் கரையில் போட்டு, பிறகு நெடுமரத்தின் ஒரு முனையில் சங்கிலி சுருக்கிட்டுக் கரைப்பக்கமாக இழுக்க வேண்டும். இயந்திரம் கட்டின் தலையில் ஏறக் கூடாது. நீரூறிய மண்கட்டு அந்த எடையையும் அதிர்வையும் தாங்கும் என்று நம்ப முடியாது. பக்கத்து மேட்டு நிலத்தில் அது நிற்பதற்கான இடத்தை இப்போதே, ஈரமில்லாத நாளில், கல்லும் கிறவலும் போட்டுத் தயார்படுத்தி வையுங்கள்.

மரம்தானே பிரச்சினை. ஆற்றங்கரையிலும் குளத்தோரத்திலும் நிற்பவற்றை வெட்டிவிட்டால் என்ன?
– ஒரு வாசகி, வெருகல்

வேண்டாம், அக்கா. உயிரோடு நிற்கும் மருதின் வேர்கள்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதை வெட்டினால் கரை சரியும். சரிந்த கரை பின்னால் நிற்கும் மரங்களையும் கூட்டிக்கொண்டு வரும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, வெருகலாறாகவும் பிரிந்து, கொட்டியாரக் குடாப் பக்கம் வந்து சேருகிறது. அவ்வளவு தூரத்து மரத்தையும் இங்கே வெட்டித் தீர்க்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மலைநாட்டில் எத்தனை மண்சரிவுகள் என்று பார்த்தோம். அப்படிச் சரியும் மலைச்சரிவின் மரம் ஒரே வெள்ளத்தில் வந்து முடியாது. வழியில் மணல்மேட்டிலும் வளைவிலும் தங்கி, வருகிற மாரிகளிலும் வரும். 1964 டிசம்பர், 1978 நவம்பர் போன்ற புயல்கள் சாய்த்த மரங்களும் அப்படித்தான்.

எடுக்க வேண்டியவை வேறு. குளத்துக்குள் நீர் நின்று பட்டுப்போய் நிற்கும் மரங்கள் முதலாவது: அடிவேர் உக்கி, ஒரு வாடைக்காற்றுக்குச் சாய்ந்து நேராக வானுக்குத்தான் வரும். அடுத்தது, கரை அரிபட்டு வேர் பாதி வெளியே தொங்கும் மரங்கள். மூன்றாவது, காடு வெட்டிய இடத்திலும் யானை சாய்த்த இடத்திலும் கிடக்கும் கட்டைகள். இவற்றை ஓகஸ்ட், செப்ரெம்பரில், குளம் வற்றியிருக்கும்போது, உரிய அனுமதி பெற்று அரியுங்கள். அரியும் நீளம் கீழேயுள்ள மிக ஒடுங்கிய வழியில் பாதி: 3 மீற்றர் தூண் இடைவெளியானால் ஒன்றரை மீற்றர், 1.2 மீற்றர் ஹியூம் குழாயானால் 60 சென்ரிமீற்றர். வேர்க்கட்டையைத் தனியாக வெட்டிப் பிரிக்காமல் விடாதீர்கள். குளக்கட்டின் மேலும், வானின் இருபக்கமும், வானுக்குக் கீழுள்ள வாய்க்காலுக்குள்ளும் முளைக்கும் செடிகளுக்கு இந்தக் கருணை தேவையில்லை. அவற்றை விரல் மொத்தத்தில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும்.

வானிலிருந்து எடுத்த மரத்தை விறகுக்கும் பலகைக்கும் எடுக்கலாமா?
– ஒரு வாசகர், மூதூர்

கொப்புகளை விறகாக ஊருக்குள் பகிர்ந்துகொள்வதற்குப் பிரதேச செயலகத்தில் கேட்டு ஒழுங்குசெய்யுங்கள். பலகைக்குத் தகுந்த மரமானால் அனுமதிப்பத்திரமின்றி ஏற்றிக்கொண்டு போக முடியாது; வனத் திணைக்கள உத்தியோகத்தர் பார்த்தபின்தான் அசைக்கலாம். அந்தப் பத்திரம் வரச் சில கிழமைகள் ஆகலாம். அதுவரை மரம் கிடக்கும் இடம் முக்கியம்: சென்ற வெள்ளத்தின் சேற்றுக்கோடு எந்த மரத்தில், எந்தச் சுவரில் தெரிகிறதோ, அதற்கு மூன்றடியாவது மேலே உள்ள மேட்டில் அடுக்குங்கள். வானுக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அதே மரத்தை மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.